திட்டம் முழுக்கப் பச்சை, வகுப்பறையில் மாற்றமில்லை: எங்கே தப்பு?

மூன்றாம்_மணி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 12 அரசுப் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் மாவட்டக் குழுவுக்காகக் கேட்கிறேன். ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளிக்கொரு மேம்பாட்டுத் திட்டம் எழுதி வாங்கிவிடுகிறோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 பக்கம், 22 இலக்கு. ஆண்டின் நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்ட அறிக்கை வரும். கடைசியாக வந்ததில் முக்கால்வாசி பச்சை. ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு அசையவே இல்லை.

மூன்று சந்தேகம்:

1. ஒரு பள்ளிக்கு எத்தனை இலக்கு தாங்கும்?

2. எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது? தேர்வு முடிவு வரும்வரை காத்திருந்தால் ஆண்டே முடிந்துபோகிறது.

3. ஒரு சின்னப் பள்ளி. நான்காம் வகுப்பில் 20 பேர்தான். தேர்ச்சி 40 சதவீதத்திலிருந்து 60க்கு ஏறியது. பாராட்டுக் கடிதம் போனது. அடுத்த ஆண்டு 45க்கு இறங்கியது. விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. இரண்டு கடிதமும் நியாயம்தானா?

---

கரும்பலகை_ஓரம்:

முதல் கேள்விக்கு என் பதில். இரண்டு. மிஞ்சினால் மூன்று.

22 இலக்கு எப்படி வருகிறது என்று பார்த்தாலே விஷயம் புரியும். கூரை ஒழுகல், கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, வருகை, வாசிப்பு, கணக்கு, விளையாட்டு எல்லாம் ஒரே அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். கதவு போடுவது வேலை. அதற்கு ஒரு ஆள், ஒரு தேதி, முடிந்ததா இல்லையா என்ற ஒரு கட்டம் போதும். வாசிக்க வைப்பதுதான் இலக்கு. இரண்டையும் ஒரே தாளில் போட்டால் கதவுகள் எல்லாம் பச்சையாகி, வாசிப்பின் சிவப்பை மூடிவிடும். உங்கள் முக்கால்வாசிப் பச்சையில் எத்தனை கதவு, எத்தனை பிள்ளை என்று பிரித்து எண்ணிப் பாருங்கள். வேலைகளைத் தனிப் பட்டியலாக்கினால் மிச்சம் ஐந்தாறு இலக்குதான் நிற்கும். அதிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கடினமில்லை.

அடுத்தது நோய் எது என்று கண்டுபிடிப்பது. பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். "வாசிப்பில் பின்தங்கல்" என்று எழுதி, எதிரே "ஆசிரியர்களுக்குப் பயிற்சி" என்று எழுதிவிடுகிறார்கள். எழுத்தே தெரியவில்லையா, எழுத்து தெரிந்தும் கூட்டிப் படிக்கத் தடுமாற்றமா, கூட்டிப் படித்தும் வேகமில்லையா, வேகமாகப் படித்தும் பொருள் புரியவில்லையா? நான்குக்கும் நான்கு மருந்து. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து இதைப் பிரிக்க முடியாது. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும்.

செய்முறை: ஒரே அளவு கடினமான மூன்று பத்திகள். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் படிக்க வேண்டும். சரியாகப் படித்த சொற்களை எண்ணுங்கள். மூன்று எண்ணில் நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 31, 44, 38 என்று வந்தால் 38. சராசரி எடுத்தால் ஒரு பத்தி அகஸ்மாத்தாகச் சுலபமாக இருந்ததோ, நடுவில் இருமல் வந்ததோ எல்லாம் கணக்கைக் கெடுக்கும். பிறகு பத்தியிலிருந்து இரண்டு கேள்வி. உட்காருவது, எழுந்துபோவது எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 5 நிமிடம். 30 பேருக்கு 150 நிமிடம், அதாவது நாளுக்கு அரை மணி வீதம் 5 நாள். ஒன்று மட்டும் கவனிக்கணும்: தமிழ் மாதிரி விகுதி மேல் விகுதியாக ஒட்டி நீளும் மொழியில் பத்திக்குப் பத்தி சொல்லின் நீளம் மாறும். அதனால் மூன்று பத்தியிலும் மொத்த எழுத்து எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

பிறகு "ஏன்" என்று கேட்டுக்கொண்டே போகலாம். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதில்தான் விஷயம். "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்பதில் போய் நின்றால் பள்ளி செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் போகும். பள்ளிக்குள் இருக்கும் பெரியவர்கள் நாளைக் காலை வேறு மாதிரி செய்யக்கூடிய ஒன்று கையில் கிடைக்கும்வரை கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. வேகம்தான் குறை என்று தெரிகிறது. ஏன்? பிள்ளைகள் போதுமான அளவு படிப்பதில்லை. ஏன்? வாசிப்புப் பாடவேளை இருக்கிறதே என்பார்கள். உள்ளே போய்க் கடிகாரத்தோடு உட்கார்ந்தால் தெரியும்: ஆசிரியர் ஒரு வரி சொல்ல, வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்கிறது. கோரஸில் தெரிந்த பத்துப் பேரின் குரல், தெரியாத இருபது பேரின் வாயசைவை மறைத்துவிடும். சரி, தனித்தனியாகப் படிக்க விடலாம் என்றால், 40 நிமிடப் பாடவேளையை முழுதாகக் கொடுத்தாலும் 30 பேரில் ஒருவருக்கு 1 நிமிடம் 20 நொடிதான் வரும். ஆக, மாற்ற வேண்டியது நேரம் பங்கிடும் முறையை.

இணை வாசிப்பு, அதாவது இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து மாறி மாறி வாய்விட்டுப் படிப்பது, வைத்தால் கணக்கு மாறுகிறது. 15 நிமிடத்தில் உட்கார 1 நிமிடம், ஆளுக்கு 7 நிமிடம். வாரம் 4 நாள் நடந்தால் ஒரு பிள்ளை 28 நிமிடம் வாய்விட்டுப் படித்திருக்கும்.

இதிலும் கெடுகிற இடங்கள் உண்டு. முதலிடத்தையும் கடைசி இடத்தையும் இணை சேர்ப்பது வழக்கமான தப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பொறுமை போய், மற்றதற்கும் சேர்த்துத் தானே படித்துவிடும். வாசிப்பு எண்படி 30 பேரை வரிசைப்படுத்தி, பாதியில் வெட்டி, 1ஆம் பிள்ளையை 16ஆம் பிள்ளையோடும் 2ஐ 17ஓடும் சேருங்கள். இடைவெளி தாங்கக்கூடியதாக இருக்கும். அடுத்தது புத்தகத்தின் கனம். 10 சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் அந்த இணைக்கு ஆகாது, சுலபமானதைக் கொடுங்கள்.

இலக்கைச் சதவீதத்தில் எழுதாமல் தலை எண்ணி எழுதுங்கள். "30 பேரில் இப்போது 12 பேர் சரளமாக வாசிக்கிறார்கள். 18ஆம் வாரத்தில் 20 பேர் வாசிக்க வேண்டும்." சரளம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் 17ஆம் வாரத்தில் சரளத்தின் பொருள் தானாகவே தளர்ந்துவிடும்!

இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும்: இலக்கு, கண்ட காரணம், செய்யப்போகும் மாற்றம், பொறுப்பு யார், வாரம்தோறும் எண்ணுவது எது, எந்த வாரத்தில் முடிவெடுப்பது. மாவட்டம் தர வேண்டியது என்ன என்று ஏழாவதாக ஒரு கட்டம் அவசியம். பெரும்பாலான படிவங்களில் அது இருக்காது.

---

புள்ளிக்கோடு:

மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் இரண்டு கடிதமும் வீண்.

20 பேரில் 40 சதவீதம் என்றால் 8 பேர், 60 என்றால் 12 பேர், 45 என்றால் 9 பேர். ஒரு பிள்ளை 5 சதவீதப் புள்ளி. அதுவும் மூன்று ஆண்டும் மூன்று வேறு பிள்ளைக் கூட்டம். 20 பேர் அளவில் தேர்ச்சி பாதிக்குப் பாதி இருந்தால், தற்செயல் ஆட்டத்தின் அளவு ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 புள்ளி. இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது அது 16 ஆகிறது. அதன் இருமடங்கு வரை, அதாவது 30 புள்ளிக்குக் கொஞ்சம் மேல் வரைக்கும், பள்ளியில் ஒன்றுமே மாறாமல் எண் மட்டும் ஆடலாம். 20 புள்ளி ஏற்றமும் 15 புள்ளி இறக்கமும் அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மூன்று ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்த்து 60 பேராகப் பார்த்தால் ஆட்டம் ஆறரைப் புள்ளிக்குக் குறையும். அதைவிட நல்லது, அதே பிள்ளைகளைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளப்பது.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறி: கடைசி இடம் பிடித்த பள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து உதவி செய்தால், அடுத்த ஆண்டு அவற்றில் பல தானாகவே கொஞ்சம் மேலே வரும். அந்த ஆண்டு கெட்ட நேரமும் சேர்ந்துதான் அவற்றைக் கடைசிக்குத் தள்ளியிருக்கும். அந்த ஏற்றத்தை உதவியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

இனி, எதை எப்போது பார்ப்பது. மூன்று வகையாகப் பிரியுங்கள்.

பலன்: பிள்ளைகள் வாசிக்கிறார்களா? 6 வாரத்துக்கு ஒருமுறை. அதற்குக் குறைந்த இடைவெளியில் அளந்தால் வளர்ச்சியைவிட அளவுப் பிழை பெரிதாகத் தெரியும்.

செயல்: சொன்ன வேலை நடந்ததா? வாரம் ஒருமுறை, ஒரே ஓர் எண். நான்காம் வகுப்பில் 3 பிரிவு, வாரம் 4 நாள் இணை வாசிப்பு என்றால் 12 அமர்வு நடக்க வேண்டும். இந்த வாரம் எத்தனை? 7. அவ்வளவுதான் பதிவு.

பக்கவிளைவு: இதற்காக எது குறைந்தது? அந்த 15 நிமிடம் வானத்திலிருந்து வராது, கணக்கிலிருந்தோ விளையாட்டிலிருந்தோ வரும். கணக்கில் மாதம் ஒரு சின்னச் சோதனை வைத்தால் போதும். இந்த மூன்றாவது வகை பெரும்பாலான திட்டங்களில் இருக்கவே இருக்காது.

ஆண்டுத் தேர்வு நான்காவதாகப் பக்கத்தில் நிற்கட்டும். அது இறந்தபின் சொல்லும் நோயின் பெயர். கண்காணிப்பு என்றால் அடுத்த வாரத்தை மாற்ற உதவுவது.

வார எண்ணைக் கோட்டுப் படமாக வரையுங்கள். கட்டத்தாளும் பென்சிலும் போதும். குறைந்தது 10 புள்ளி சேர்ந்ததும் நடு எண்ணில் ஒரு கிடைக்கோடு. அதன்பின் இரண்டே விதி: தொடர்ந்து 6 புள்ளி கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால், அல்லது தொடர்ந்து 5 புள்ளி ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போனால், உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது. கோட்டின் மேலேயே விழும் புள்ளியை எண்ண வேண்டாம். இந்த விதிக்குள் வராத ஏற்ற இறக்கத்துக்கு விளக்கம் கேட்பது எல்லோருடைய நேரத்துக்கும் கேடு. தற்செயல் ஆட்டத்தையும் உண்மை மாற்றத்தையும் பிரிக்கும் இந்தச் சிந்தனை 1924இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலைக்காக வால்டர் ஷூஹார்ட் வரைந்த படத்தில் தொடங்கியது. புள்ளியியலாளர் டெமிங் அதை வளர்த்தார், பிறகு மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன. அந்தோனி பிரைக் தலைமையில் அமெரிக்காவின் கார்னெகி அறக்கட்டளை அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. திட்டமிடு, செய், ஆராய், சரிசெய் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்களே, அந்தச் சுழற்சி இந்த வழியில் வந்ததுதான்.

வருகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சராசரி ஏமாற்றுவதில் அதுதான் முதலிடம். 100 பேர் பள்ளியில் 75 பேர் 98 சதவீத நாளும், 25 பேர் 78 சதவீத நாளும் வந்தால் சராசரி 93. பச்சை! ஆனால் கால்வாசிப் பிள்ளைகள் ஐந்தில் ஒரு நாளுக்கு மேல் மட்டம் போட்டிருக்கிறார்கள். பள்ளி நாளில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் வராதவர் எத்தனை பேர் என்று எண்ணுவதுதான் சரியான வழி. 200 நாளுக்கு 20 நாள். அதை 200ஆம் நாளில் எண்ணி என்ன பயன்? முதல் 20 நாளில் 2 நாள் வராத பிள்ளையின் பெயர் 21ஆம் நாள் தலைமை ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும்.

முன்கூட்டிச் சொல்லும் அளவை எப்படித் தேடுவது என்பதற்குச் சிகாகோ நல்ல பாடம். அங்கே உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் போதுமான பாடங்களை முடித்து, முக்கியப் பாடத்தில் ஒரு பருவத்துக்கு மேல் தோற்காத மாணவர்கள், மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாக நான்கே ஆண்டில் பள்ளிப்படிப்பை முடிக்கிறார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2005இல் காட்டியது. பள்ளிகள் நான்காம் ஆண்டுக்குக் காத்திராமல் முதல் ஆண்டின் நடுவிலேயே பெயர் பெயராகப் பிடித்துப் பேசத் தொடங்கின.

---

ஆறாம்_பீரியட்:

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரிதான். ஆனா இதையெல்லாம் எழுதப்போறது யாரு?

ஒரு ஆசிரியர் வாரம் நாலு படிவம் நிரப்புறார்னு வைங்க. ஒண்ணுக்கு 20 நிமிஷம். வாரம் 80 நிமிஷம், 36 வாரத்துக்கு 48 மணி நேரம். 40 நிமிஷப் பீரியடா மாத்தினா 72 பீரியட். மேம்பாட்டைக் கண்காணிக்கறதுக்காக மேம்பாட்டுக்கான நேரத்தையே தின்னுடறோம். அதனால புதுசா ஒரு படிவம் கொடுக்கும்போது பழசுல ரெண்டை எடுத்துடுங்க. எதை எடுக்கறதுன்னு தெரியலையா? கடைசி ரெண்டு கூட்டத்துல எந்தப் படிவத்தைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கலையோ, அதை.

புள்ளிக்கோடு சொன்ன "12க்கு 7" இருக்கே, அதுக்குப் படிவமே வேண்டாம். வகுப்பறைக் கதவுக்குப் பின்னால ஒரு தாள், நடந்தா ஒரு கோடு. வெள்ளிக்கிழமை ஒருத்தர் போய் எண்ணிட்டு வந்தாப் போதும்.

ரெண்டாவது விஷயம். எண்ணோட தண்டனையைச் சேர்த்துக் கட்டினா எண் கெட்டுப்போகும். இதை டொனால்ட் கேம்ப்பெல்னு ஒரு அமெரிக்க அறிஞர் 1970கள்லயே விதியாவே எழுதி வெச்சார். பின்னாடி அதே நாட்டுல 2002ல ஒரு சட்டம் வந்துச்சு: 2013-14க்குள்ள எல்லாப் பிள்ளையும் தேர்ச்சி, 100க்கு 100. என்ன ஆச்சு? தேர்ச்சிக் கோட்டுக்கு ரெண்டு மூணு மார்க் கீழ இருக்கற பிள்ளைங்களுக்குத் தனி வகுப்பு, ரொம்பக் கீழ இருக்கறவங்க அப்படியே. அந்தப் பிள்ளைங்களை ஏத்திவிட்டா எண் மாறாதே! அட்லாண்டாவுல இன்னும் மோசம். 2011ல மாநில அரசு விசாரிச்ச 56 பள்ளியில 44ல பிள்ளைங்க எழுதின விடையை அழிச்சு மாத்தினது உட்பட முறைகேடு, 178 ஆசிரியர், தலைமை ஆசிரியர் பேரு அறிக்கையில வந்துச்சு. 2015ல அந்தச் சட்டத்தையே மாத்திட்டாங்க.

அதனால தேர்ச்சி எண்ணிக்கையோட கடைசி பத்துப் பேரோட வாசிப்பு எண்ணையும் தனியா போடுங்க. மேல இருக்கறவங்க ஏறி, இவங்க நின்ன இடத்துலயே நின்னா உடனே கண்ணுல படும். இன்னொண்ணு, கேள்வியிலயே விளக்கக் கடிதம்னு இருக்கு. சிவப்பு காட்டினா கடிதம் வரும்னு தெரிஞ்ச பள்ளி எதுக்குங்க சிவப்பு காட்டப் போகுது?

---

மூன்றாம்_மணி:

மிக்க நன்றி. ஆறாம்_பீரியட் கடைசியில் கேட்டது சுருக்கென்று தைத்தது, நியாயம்தான்.

இப்போது மாவட்டத்தின் பக்கம். நாங்கள் பள்ளிக்குப் போனால் பதிவேடுகளைப் பார்ப்போம், ஒரு வகுப்பில் உட்காருவோம், குறிப்பு எழுதுவோம். அங்கே வேறென்ன பார்க்க வேண்டும்? பிறகு கூட்டம், இரண்டு மணி நேரம் பேசி, "தீவிரப்படுத்த வேண்டும்" என்று முடிகிறது.

---

மாடிப்படி:

"பிள்ளைகள் ஈடுபாட்டுடன் இருந்தனர்" என்று உங்கள் குறிப்பேட்டில் இருக்கும், பந்தயம். ஈடுபாட்டை யாராலும் எண்ண முடியாது. போகும் முன்பே எதை எண்ணப்போகிறோம் என்று ஒரே வரியில் எழுதுங்கள். இணை வாசிப்புக்கு: "அமர்வு தொடங்கி 10ஆம் நிமிடத்தில், எத்தனை இணையில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவரின் கண் அதே வரியில் இருக்கிறது?" 15 இணையில் 9. இது எண். வகுப்புக்கு 10 நிமிடம் போதும், ஒரு மணி நேரத்தில் நான்கைந்து வகுப்பு பார்த்துவிடலாம்.

தொடக்கத்தில் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எண்ணிவிட்டு, வெளியே வந்து ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு இணை வித்தியாசம் பரவாயில்லை. 10 வகுப்பில் 8இலாவது எண்கள் அப்படி ஒத்துவரவில்லை என்றால் ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் வரியைத் திருத்துங்கள். "கண் அதே வரியில்" என்பது குழப்பினால் "விரல் அதே வரியில்" என்று மாற்றலாம்.

நிறத்துக்கு வருவோம். உங்கள் பச்சை இரண்டு வேறு விஷயத்தைக் குழைத்துக் காட்டுகிறது: செய்தோமா, பலித்ததா. இரண்டு கட்டமாகப் பிரித்தால் நான்கு நிலைமை வரும், நான்குக்கும் நான்கு முடிவு.

செய்தோம், பலித்தது: அடுத்த வகுப்புக்கு விரிவாக்கு.

செய்தோம், பலிக்கவில்லை: இதுதான் விலை உயர்ந்த தகவல். நம் காரணக் கணிப்பே தப்பு. நோயைத் திரும்பப் பார்க்க வேண்டும். உங்கள் அறிக்கையில் இது பச்சையாக ஒளிந்திருக்கிறது.

செய்யவில்லை, பலிக்கவும் இல்லை: திட்டத்தைத் திட்டாதீர்கள், அது இன்னும் சோதிக்கப்படவே இல்லை. ஏன் நடக்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். 12க்கு 7தான் நடக்கிறது என்றால் அந்த 5 எங்கே போனது? பல சமயம் பதில் சாதாரணமாக இருக்கும். கடைசிப் பாடவேளையில் வைத்திருப்பார்கள், கூட்டம், ஒத்திகை, சீக்கிரம் மணி அடிப்பது எல்லாம் அதைத்தான் தின்னும். முதல் பாடவேளைக்கு மாற்றினால் எண் ஏறும்.

செய்யவில்லை, ஆனாலும் பலித்தது: வேறு யாரோ வேறு ஏதோ செய்திருக்கிறார்கள். கண்டுபிடியுங்கள், வெட்கப்படாமல் அதைத் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு 60 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம், போன கூட்டத்தில் யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள். அடுத்த 5, மாவட்டம் என்ன செய்வதாகச் சொன்னது. 15 நிமிடம் கோட்டுப் படம், யாரும் விளக்கம் சொல்லாமல் என்ன தெரிகிறது என்று மட்டும். 20 நிமிடம் ஏன். கடைசி 15 முடிவு: தொடர், திருத்து, விரிவாக்கு, நிறுத்து. இந்த நான்கில் ஒன்று எழுதாமல் எழுந்திருக்கக் கூடாது. "தீவிரப்படுத்து" என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

மாவட்டத்தின் 5 நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். கரும்பலகை_ஓரம் சொன்ன ஏழாவது கட்டம் இதற்குத்தான். சுலப வாசிப்புப் புத்தகங்கள் 2ஆம் வாரம் தருவதாகச் சொல்லி 9ஆம் வாரம் தந்தால், அந்த ஏழு வாரச் சிவப்பு மாவட்டத்துடையது. காலிப் பணியிடம் எத்தனை நாளாகக் காலி, பள்ளி எழுதிய கடிதத்துக்குப் பதில் எத்தனை நாளில் போனது என்று மாவட்டத்துக்கும் ஒரு கோட்டுப் படம் மாட்டுங்கள். அதைப் பார்த்தபின் பள்ளிகள் தங்கள் சிவப்பைக் காட்டக் கூச்சப்பட மாட்டார்கள்.

36 வாரத்தை 6 வாரச் சுற்றாக வெட்டினால் ஆறு சுற்று. ஒவ்வொன்றிலும் 5 வாரம் வேலை, ஆறாம் வாரம் அளவும் முடிவும். 12 பள்ளிக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டாம். மிகத் தேவையான 3 பள்ளிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போங்கள், மற்றவற்றுக்குச் சுற்றுக்கு ஒருமுறை. புது முறை எதையும் 12 பள்ளியிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒரு ஆசிரியர், ஒரு வாரம். அங்கே உடைவது என்ன என்று பார்த்துச் சரிசெய்து, பிறகு ஒரு வகுப்பு, பிறகு ஒரு பள்ளி. மெதுவாகத் தோன்றும். ஆனால் 12 பள்ளியில் ஒரே பிழையைத் திருத்துவது இதைவிட மெதுவான வேலை. இன்னொன்று: ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரைத் தவிர இன்னொருவருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நடு ஆண்டில் ஒரு மாறுதல் உத்தரவு வந்தால் திட்டமும் அவரோடு பெட்டி கட்டிவிடும்.

---

மூன்றாம்_மணி:

ஒரே ஒரு சின்னச் சந்தேகம், முடித்துக்கொள்கிறேன். தொடக்க அளவில் 30 பேர் இருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து அளக்கும் நாளில் 26 பேர்தான் வந்தால் 26க்குச் சதவீதம் போடலாமா?

---

புள்ளிக்கோடு:

போடலாம், ஆனால் தொடக்க எண்ணையும் அதே 26 பேருக்குத் திரும்பப் போட்ட பிறகு.

தொடக்கத்தில் 30 பேரில் 12 பேர் சரளம் என்றால் 40 சதவீதம். இப்போது 26 பேரில் 15 பேர் என்றால் 58. பதினெட்டுப் புள்ளி ஏற்றம் என்று எழுதத் தோன்றும். வராத 4 பேரும் தொடக்கத்தில் சரளமில்லாதவர்கள் என்றால், வந்த 26 பேரின் தொடக்க எண்ணே 12, அதாவது 46 சதவீதம். உண்மை ஏற்றம் 12 புள்ளிதான், மூன்று பிள்ளை. மிச்ச 6 புள்ளி நான்கு பேர் வராததால் வந்தது.

அந்த நான்கு பெயரையும் அதே தாளில் கீழே எழுதி, அடுத்த 5 பள்ளி நாளுக்குள் அதே பத்திகளை வைத்து அளந்துவிடுங்கள். பத்தி வெளியே கசிந்திருக்கும் என்று சந்தேகமாக இருந்தால் மாற்றுப் பத்தி மூன்று தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்குள்ளும் வரவில்லை என்றால் அந்தப் பெயர்கள் வாசிப்புத் தாளிலிருந்து வருகைத் தாளுக்குப் போக வேண்டும்.